மண்ணைத் தேய்க்காமல் காரைக் கழுவுவது எப்படி

நான் முதன்முதலில் வாங்கிய கார் ஒரு பழைய கறுப்பு மைவி. வாங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமையே போர்ச்சில் நிறுத்தி, அடுப்படியிலிருந்து பாத்திரம் கழுவும் சோப்பையும் ஸ்பாஞ்சையும் எடுத்துவந்து, ஒரே வாளித் தண்ணீரில் முழுக் காரையும் அழுத்தித் தேய்த்துக் கழுவினேன். காய்ந்ததும் பளிச்சென்று இருந்தது. அன்று இரவு பினாங்கின் ஜெலுத்தோங்கில் பெட்ரோல் போட நிறுத்தினேன். கூரை விளக்கின் வெளிச்சம் பானட்டில் விழுந்தது. அந்த வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாக, சிலந்தி வலை பின்னியதைப் போல, எண்ண முடியாத அளவுக்கு மெல்லிய கீறல்கள். காலையில் அவை இருந்தனவா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஸ்பாஞ்சை வைத்து நான் சுழற்றிய வட்டங்களும் அந்தக் கீறல்களும் ஒரே அளவில் இருந்தன.

குளுகோரில் சாயம் அடிக்கும் ஓர் அண்ணனிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "தம்பி, காடி மேல மண்ணு இருக்கறப்ப துணிய வெக்கக் கூடாது. மண்ண மொதல்ல தண்ணியில எறக்கிடணும்."

காரின் சாயத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு தெளிந்த பூச்சு இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் கிளியர் கோட் என்பார்கள். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். முடியைவிட மெல்லிய அந்தப் பூச்சுதான் வெயிலையும் மழையையும் தாங்குகிறது. பளபளப்பும் அதிலிருந்துதான் வருகிறது. சாலை மண்ணில் இருக்கும் மணல்துகள் அதைவிடக் கடினமானது. துணிக்கும் காருக்கும் நடுவில் ஒரு துகள் மாட்டினால் போதும், கை போகும் வழியெல்லாம் கோடு விழும். கார் கழுவுவதில் கற்றுக்கொள்ள வேண்டியதில் முக்கால்வாசி, அந்தத் துகளைத் துணிக்கு அடியில் மாட்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

வாங்க வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லை. 15 லிட்டருக்குக் குறையாத வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். டயருக்கும் ரிம்முக்கும் தனியாக ஒரு சின்ன பழைய வாளி. வாளியின் அடியில் வைக்கும் சல்லடைத் தட்டு கிடைத்தால் வாங்குங்கள். மண் அதன் கீழே போய்த் தங்கிவிடும், மறுபடி மேலே கலங்கி வராது. கையில் மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் மிட் ஒன்று, ரிம்முக்கு மென்மையான பிரஷ் ஒன்று, துடைக்கும் பெரிய மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று, சின்னத் துணிகள் ஆறேழு, கார் ஷாம்பு ஒரு பாட்டில். எல்லாம் மிஸ்டர் டிஐஒய் கடையிலோ பக்கத்து ஹார்ட்வேர் கடையிலோ கிடைக்கும்.

துணிகளை மூன்று நிறத்தில் வாங்குவது நல்ல பழக்கம். எங்கள் வீட்டில் நீலம் வெளிப் பாடிக்கு, மஞ்சள் காருக்குள்ளே, சாம்பல் நிறம் ரிம்முக்கு. ரிம் துடைத்த துணியில் பிரேக்கிலிருந்து வந்த இரும்புத் தூள் ஒட்டியிருக்கும்; துவைத்தாலும் முழுதாகப் போகாது. அது பானட்டைத் தொடவே கூடாது. புதுத் துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் நைலான் லேபிளையும் கத்தரித்துவிடுங்கள். விரலால் தடவினாலே அந்த லேபிளின் முனை எவ்வளவு கூர்மை என்று தெரியும்.

பாத்திரச் சோப்பு வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை அறுப்பதற்காகவே செய்தது அது. காரின்மேல் இருக்கும் வேக்ஸையும் சேர்த்து அறுத்துவிடும். வாரா வாரம் அதில் கழுவினால் பூச்சுக்குப் பாதுகாப்பே இருக்காது. துணி துவைக்கும் பவுடர் இன்னும் மோசம். பழைய பனியன், கைலித் துண்டு, தேங்காய்ப்பூத் துண்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். அவை கைக்கு மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் மைக்ரோஃபைபரின் நூலிழைகள் துகளை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வது போல அவற்றால் முடியாது, துகளை மேலேயே வைத்து இழுத்துக்கொண்டு போகும்.

எப்போது கழுவுவது

பினாங்கில் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை, இல்லையென்றால் மாலை ஐந்தரைக்குப் பிறகு. புறங்கையைப் பானட்டில் வையுங்கள். சூடு தெரிந்தால் காத்திருங்கள். மதிய வெயிலில் நின்ற கறுப்புக் காரின் தகடு 60 டிகிரியைத் தாண்டிவிடும். அதில் ஷாம்பு ஊற்றினால் நீங்கள் தேய்த்து முடிப்பதற்குள் காய்ந்து கறையாகப் படியும். தண்ணீர்த் துளியும் அப்படித்தான்: தண்ணீர் ஆவியாகிவிடும், அதில் கரைந்திருந்த உப்பு வெள்ளை வட்டமாக அங்கேயே தங்கிவிடும்.

"நேற்றுதான் மழை பெய்ததே, அப்புறம் என்ன கழுவுவது?" என்று வீட்டில் கேட்பார்கள். மழை காரைக் கழுவுவதில்லை. காற்றில் இருந்த தூசியையும் சாலைச் சேற்றையும் கொண்டுவந்து காரில் ஒட்டிவிட்டுப் போகிறது. புகைமூட்டக் காலத்தில் பெய்யும் மழைக்குப் பிறகு வெள்ளைக் காரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கடலோரமாக, தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. அவர்கள் முழுதாகக் கழுவாத வாரத்திலும் வெறும் தண்ணீர் பாய்ச்சி, சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவின் உள்பக்கத்தையும் அடிப்பாகத்தையும் அலசிவிடுவது நல்லது. துரு மேலே தொடங்குவதில்லை, அந்த இடங்களில்தான் தொடங்குகிறது.

முதலில் சக்கரம்

கார் ஓட்டி வந்த கையோடு சக்கரத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். பிரேக் டிஸ்க் நல்ல சூட்டில் இருக்கும். திடீரென்று குளிர்ந்தால் வளைந்துபோக வாய்ப்பு உண்டு. அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஒவ்வொரு சக்கரமாக, தண்ணீர் அடித்து, சின்ன வாளி ஷாம்பு தண்ணீரால் பிரஷ் போட்டு, உடனே அலசி முடியுங்கள். சக்கரத்தை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு. அதுதான் காரிலேயே அழுக்கான இடம். கடைசியில் செய்தால், கழுவி முடித்த கதவில் அந்தக் கறுப்புத் தண்ணீர் தெறிக்கும். நீங்கள் குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும்போது மேலே பாடி பாதி காய்ந்து வட்டம் வட்டமாகக் கறை விழுந்திருக்கும்.

ரிம்மில் காவி நிறத்தில் புள்ளிகள் போகாமல் நின்றால் அது இரும்புத் தூள் துருப்பிடித்தது. அதற்கென்று விற்கும் திரவத்தை அடித்தால் ஊதா நிறமாக மாறி வழியும். பாட்டிலில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் விடாமல் அலசிவிடுங்கள். நாற்றம் கடுமையாக இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அலசல்

இந்தப் படியைத்தான் எல்லாரும் அவசரமாக முடிக்கிறார்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். துணி காரைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீரே எவ்வளவு மண்ணை இறக்கிவிட முடியுமோ அவ்வளவும் இறங்க வேண்டும். மேல்கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஒரு சின்ன காருக்கு மூன்று நான்கு நிமிடம் தாராளமாக ஆகும். கதவின் கீழ்ப்பாதி, பின்பம்பர், சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதி ஆகிய மூன்றிலும் நின்று நிதானமாக அடியுங்கள். அங்கேதான் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். நம்பர் பிளேட்டின் கீழே வழிகிற தண்ணீரைப் பாருங்கள். முதலில் தேநீர் நிறத்தில் வரும். அது தெளிந்து வரும்வரை நிறுத்த வேண்டாம்.

அங்சானா மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். பூக்கும் நாட்களில் மஞ்சள் பூ கொட்டி, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் குவிந்துவிடும். மழையில் நனைந்து மக்கி, தண்ணீர் வடியும் துவாரத்தை அடைக்கும். அடைத்தால் தண்ணீர் காருக்குள் இறங்கும். பானட்டைத் திறந்து, அந்தப் பள்ளத்தில் இருக்கும் பூவையும் சருகையும் கையால் அள்ளிப் போட்டுவிட்டு அப்புறம் தண்ணீர் விடுங்கள். குழாயால் அடித்துத் தள்ளினால் குப்பை துவாரத்துக்குள்தான் போகும்.

உயர் அழுத்த மெஷின் வைத்திருப்பவர்கள் முனையை ஓர் அடிக்கு மேல் தள்ளியே பிடியுங்கள். சாயம் உதிர்ந்த இடம், ஸ்டிக்கர் ஓரம், ரப்பர் ஓரம் ஆகியவற்றில் கிட்டத்தில் அடித்தால் உரிந்து வரும். ஹெட்லைட்டில் டோல் கட்டும் டச் அன் கோ ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாமல், பிரஷ் போடாமல் கையால் மட்டும் அலசுங்கள்.

தேய்ப்பது அல்ல, தடவுவது

ஷாம்பு பாட்டிலில் எத்தனை மூடி என்று போட்டிருக்கிறதோ அத்தனை மூடி மட்டும் ஊற்றி, குழாய்த் தண்ணீரை வேகமாக விட்டு நுரை எழுப்புங்கள். அதிகம் ஊற்றினால் அதிகம் சுத்தமாகாது, அலசுவதற்குத்தான் அதிக நேரம் ஆகும்.

மிட்டை ஷாம்புவில் முக்கி, சொட்டச் சொட்ட எடுத்து, கூரையில் வையுங்கள். அழுத்த வேண்டாம். நனைந்த மிட்டின் எடையே போதும். கூரை நீளவாட்டில் நேர்க்கோடாக இழுங்கள். வட்டமாகச் சுழற்றாதீர்கள், தப்பித் தவறி ஒரு கீறல் விழுந்தாலும் நேர்க்கோடு ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும், வட்டம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். பாதிக் கூரை முடிந்ததும் மிட்டை வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசி, சல்லடைத் தட்டில் இரண்டு தடவை உரசி, பிழிந்து, அப்புறம்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். வேலை முடிந்தபின் அந்த இரண்டு வாளியின் அடியையும் பாருங்கள். அலசிய வாளியின் அடியில் ஒரு பிடி மணல் படிந்திருக்கும். ஒரே வாளியில் கழுவியிருந்தால் அந்த மணல் முழுவதும் திரும்பக் காருக்கே போயிருக்கும்.

வரிசை இப்படி: கூரை, கண்ணாடிகள், பானட், பின்னால் சாமான் வைக்கும் பூட், கதவுகளின் மேல்பாதி. அதற்குப் பிறகு முன்பம்பர், கதவுகளின் கீழ்ப்பாதி, கடைசியாகப் பின்பம்பர். சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்குப் போவதுதான் கணக்கு. நம் ஊர் வெயிலில் இரண்டு பகுதிகள் முடிந்ததும் ஒருமுறை தண்ணீர் விட்டு நுரையை இறக்கிவிடுங்கள், காயவிடாதீர்கள்.

மிட் கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தால், தட்டிவிட்டு மறுபடி மாட்டாதீர்கள். அதை ரிம் வாளிக்குத் தள்ளிவிட்டு வேறு துணி எடுங்கள். அதற்காகத்தான் ஒரு மிட் கூடுதலாக இருப்பது நல்லது என்று சொல்வேன்.

கடைசி அலசலுக்குக் குழாயின் முனையைக் கழற்றிவிடுங்கள். பீய்ச்சாமல், கூரையின் நடுவிலிருந்து சாதாரணமாகத் தண்ணீரை வழியவிட்டால் அது ஒரு போர்வை போல இறங்கும். இறங்கும்போது துளிகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும். துடைக்கும் வேலை பாதியாகக் குறையும். அப்புறம் பெரிய துண்டைப் பானட்டில் விரித்துப் போட்டு, இரண்டு முனையைப் பிடித்து உங்கள் பக்கமாக மெல்ல இழுங்கள். கதவுகளைத் திறந்து ஓரங்கள், பூட் விளிம்பு, பெட்ரோல் மூடிக்குள் எல்லாம் பழைய துணியால் துடையுங்கள். பக்கக் கண்ணாடிக்குள் தேங்கிய தண்ணீர் பத்து நிமிடம் கழித்து வழியும், அதையும் ஒருமுறை பாருங்கள். எல்லாம் முடிந்தபின் தாமானை, அதாவது குடியிருப்பை, ஒரு சுற்று ஓட்டி, மெதுவாக நாலைந்து தடவை பிரேக் பிடியுங்கள். டிஸ்க் காய்ந்துவிடும். மறுநாள் டிஸ்க்கில் லேசான ஆரஞ்சுத் துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், முதல் பிரேக்கிலேயே போய்விடும்.

ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு

கார் நிறுத்துமிடத்தில் குழாயும் இருக்காது, நிர்வாகம் கழுவவும் விடாது. அதற்கு அலசத் தேவையில்லாத ஷாம்பு என்று ஒன்று இருக்கிறது. எட்டு, பத்து லிட்டர் தண்ணீர் போதும். அதில் கொஞ்சம் கலந்து, ஒரு பகுதியை முதலில் ஸ்பிரே அடித்து ஒரு நிமிடம் ஊறவிட்டு, கலவையில் முக்கிய மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் தடவி, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். எட்டுத் துணிகளை வாளியில் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு துணியை மடித்து ஒவ்வொரு மடிப்பையும் ஒரு முறை மட்டும் பயன்படுத்துங்கள். அழுக்கான துணி திரும்ப வாளிக்குள் போகக் கூடாது. தூசி படிந்த காருக்கு இது அருமையான முறை. பாலிக் பூலாவ் தோட்டத்துப் பக்கம் போய்ச் சேறு அப்பிக்கொண்டு வந்த காருக்கு இது ஆகாது. அதை முதலில் நாணயம் போட்டுத் தண்ணீர் அடிக்கும் கார் வாஷ் எங்காவது கொண்டுபோய்ச் சேற்றை இறக்கிவிட்டு வாருங்கள்.

பூசைக் கறை

ஆயுத பூசைக்குக் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் மாலை கட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைப்பது நம் வீடுகளில் எல்லாம் நடக்கிறது. அது நடக்க வேண்டும். ஆனால் ஒரு வாரம் கழித்து அந்தப் பொட்டைத் துடைக்கப் போகும்போது வெள்ளைக் காரில் மஞ்சளும் சிவப்புமாக நிழல் நின்றுவிடும். சந்தனத்தில் மஞ்சள் கலந்திருந்தாலும் குங்குமத்தில் சாயம் கலந்திருந்தாலும், இரண்டுமே வெயில் சூட்டில் பூச்சுக்குள் இறங்கும்.

இதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன். பூசைக்கு இரண்டு நாள் முன்னாலேயே காரைக் கழுவி வேக்ஸ் போட்டுவிடுவேன். கறை வேக்ஸின்மேல் நிற்கும், பூச்சில் நேராகப் படாது. பொட்டை முன்கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைக்கச் சொல்வேன். கண்ணாடியில் எந்தக் கறையும் ஏறாது. பானட்டில்தான் வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னால் பானட்டில் வைப்போம், மறுநாள் காலையில் எடுத்துவிடுவேன். எடுக்கும்போது நகத்தால் சுரண்டக் கூடாது. காய்ந்த சந்தனம் மண் மாதிரிதான். ஷாம்பு தண்ணீரில் நனைத்த துணியைப் பொட்டின்மேல் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். ஊறி இளகியதும் அதே துணியால் அப்படியே தூக்கி எடுத்துவிடலாம். பூசணித் துண்டும் குங்குமத் தண்ணீரும் பம்பரில் தெறித்திருந்தால் அன்றைக்கே தண்ணீர் அடித்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு புளிப்பு, அதையும் காயவிட வேண்டாம். மாலை கட்டிய செலோடேப்பின் பசை நின்றால் துணியில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தொட்டுத் தடவி இளக்கி, அப்புறம் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். 2023 பிப்ரவரியில் ரோடு டாக்ஸ் டிஜிட்டல் ஆனதும் பழைய ஸ்டிக்கரை உரித்தவர்களின் கண்ணாடியில் நிற்கும் பசைக்கும் இதே வைத்தியம்தான்.

தைப்பூசத்தன்று ரதம் போகும் வழிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் காரில் தேங்காய்த் தண்ணீர் தெறித்திருக்கும். அதில் சர்க்கரை இருக்கிறது. காய்ந்தால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும், எறும்பையும் கூப்பிடும். வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரே போதும், போய்விடும்.

பறவை எச்சம்தான் எல்லாவற்றிலும் கெட்டது. அதில் அமிலம் இருக்கிறது. வெயிலில் சில மணி நேரத்திலேயே பூச்சை அரித்துப் பள்ளமாக்கிவிடும். சாயங்காலம் மைனாக் கூட்டம் அடையும் மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் பூட்டில் ஒரு சின்ன ஸ்பிரே பாட்டில் தண்ணீரும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் வைத்திருங்கள். நன்றாக நனைத்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, கிள்ளி எடுப்பது போலத் தூக்குங்கள். டிஷ்யூ பேப்பரால் உலர்ந்ததைத் துடைத்தால் எச்சத்தில் இருக்கும் விதையும் மண்ணும் சேர்ந்து கீறும்.

தார்ப் புள்ளிக்குத் தார் நீக்கும் ஸ்பிரே. மரப் பிசினுக்குப் பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள், ஊறவைக்க வேண்டாம். இரண்டுக்கும் பிறகு அந்த இடத்தில் வேக்ஸ் போயிருக்கும், மறுபடி போட வேண்டும்.

களிமண்ணும் வேக்ஸும்

கழுவித் துடைத்த காரில், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழுக்கினால் நல்லது. மணல்தாள் மாதிரி சொரசொரவென்று பட்டால், ஷாம்புவுக்குப் போகாத தூள் பூச்சில் குத்தி நிற்கிறது. அதற்கு கிளே என்று ஒரு களிமண் கட்டி இருக்கிறது. பாதியைக் கிள்ளி எடுத்துக் கையில் தட்டையாக்கி, அதனுடன் வரும் வழுக்குத் திரவத்தை நிறைய அடித்து, ஒரு சாண் இடத்தில் முன்னும் பின்னுமாக மெதுவாக நகர்த்துங்கள். முதலில் கரகரவென்று சத்தம் கேட்கும். சத்தம் நின்றதும் அடுத்த இடம். களிமண்ணை அவ்வப்போது மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். கீழே விழுந்தால் குப்பைத் தொட்டிதான். வருடத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை போதும்.

அதன் பிறகு வேக்ஸ். நிழலில், குளிர்ந்த தகட்டில், ஒரு வெள்ளிக்காசு அளவு எடுத்து ஒரு கதவு முழுவதும் மெல்லியதாகப் பூசுங்கள். கெட்டியாகப் பூசினால் துடைக்கும்போது கைதான் வலிக்கும். மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான துணியால் துடைத்து, துணியைத் திருப்பி இன்னொரு முறை. கார்னோபா வேக்ஸ் நம் வெயிலிலும் மழையிலும் ஒன்றிரண்டு மாதம் நிற்கும். சீலண்ட் என்று விற்பது அதைவிட அதிக நாள் தாங்கும். தண்ணீர் விட்டால் முத்து முத்தாகத் திரளாமல் பரவி நிற்கிறதென்றால் மறுபடி போடும் நேரம் வந்துவிட்டது. கருப்பு பிளாஸ்டிக் பகுதிகளில் வேக்ஸ் படாமல் பாருங்கள், வெள்ளையாக நின்றுவிடும். செராமிக் பூச்சு போட்ட காருக்கு வேக்ஸ் தேவையில்லை, சாதாரண மென்மையான ஷாம்பு மட்டும்.

பாலிஷ் மெஷின் வாங்க அவசரப்படாதீர்கள். பாலிஷ் என்பது கிளியர் கோட்டை இழைத்து எடுப்பதுதான். 40 மைக்ரானில் எத்தனை முறை இழைக்க முடியும்? கீறலில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷில் போகாது, சாயம் அடிக்கும் ஆளிடம்தான் காட்ட வேண்டும்.

உள்ளே

நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அதனால் காருக்குள் தண்ணீர் எவ்வளவு குறைவாகப் போகிறதோ அவ்வளவு நல்லது. முதலில் கால்மிதிகளை வெளியே எடுத்துத் தட்டி, கழுவி, வெயிலில் போடுங்கள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளி வேக்கும் கிளீனர் போடுங்கள். பிள்ளைகள் சீட்டுக்கு அடியில் பார்த்தால் முறுக்குத் துண்டும் பிஸ்கட்டும் கிடைக்கும். எறும்பு வருவது அங்கேதான். ஏர்கான் ஜன்னலின் இடுக்குகளுக்குச் சாயம் பூசும் சின்ன பிரஷ் நன்றாக வேலை செய்யும். ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் வேக்கும் குழாய்.

டேஷ்போர்டுக்கு ஈரத் துணியே போதும். பிசுக்கு இருந்தால் பொதுவான கிளீனரை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, துணியில் அடித்துத் துடையுங்கள். நேராக டேஷ்போர்டில் அடிக்கக் கூடாது. சுவிட்சுக்குள்ளும் திரைக்குள்ளும் இறங்கும். ஸ்டீரிங்கைக் கட்டாயம் துடையுங்கள். துணி கறுத்து வருவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். எண்ணெய் மாதிரி பளபளக்கும் டேஷ்போர்டு ஸ்பிரேக்களை நான் தொடுவதில்லை. வெயிலில் முன்கண்ணாடியில் அதன் பளபளப்பு எதிரொளித்துக் கண்ணைக் கூசும், தூசியும் இழுக்கும்.

டிண்டெட் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியின் உள்பக்கத்துக்கு அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் ஆகாது. ஃபிலிம் கெட்டு நிறம் மாறும், குமிழ் விடும். ஈரத் துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று போதும். வெளியே மேலும் கீழுமாக, உள்ளே இடமும் வலமுமாகத் துடையுங்கள். கோடு தெரிந்தால் எந்தப் பக்கத்துக் கோடு என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

டுரியான் பருவத்தில் பாலிக் பூலாவிலிருந்து பூட் நிறையக் கொண்டுவந்தால் வாசம் ஒரு வாரம் நிற்கும். வாசனை பாட்டில் தொங்கவிட்டால் இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும். பூட்டின் விரிப்பில் சமையல் சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு வேக்கும் போடுங்கள். கதவுகளைத் திறந்து வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். வாசம் ஏர்கானிலிருந்து வந்தால் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். பல கார்களில் ஸ்குரூடிரைவர்கூடத் தேவைப்படாது. துணி சீட்டைக் கழுவினால் காலையிலேயே கழுவி, அன்று மாலைக்குள் காய வையுங்கள். மறுநாள்வரை ஈரமாக இருந்தால் பூஞ்சை வாசம் தொடங்கிவிடும். 2017 நவம்பரில் பினாங்கில் வந்த வெள்ளத்தில் போல காருக்குள்ளேயே தண்ணீர் ஏறிவிட்டால் அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. தரைவிரிப்பைக் கழற்றி அடியில் இருக்கும் பஞ்சையும் ஒயரையும் பார்க்க ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

எஞ்சின் பக்கம் ஈரத் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டயர் பளபளப்புக்குப் பூசும் திரவத்தைப் பக்கவாட்டில் மட்டும் பூசுங்கள். தரையைத் தொடும் பக்கத்தில் பட்டால் வழுக்கும்.

வேலை முடிந்தபின்

மைக்ரோஃபைபர் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்க்காமல், கொஞ்சம் திரவ சோப்பில் தனியாகத் துவையுங்கள். சாஃப்ட்னர் போட்டால் நூலிழை வழவழத்துத் தண்ணீரை உறிஞ்சாது. சூடான டிரையரிலும் போடாதீர்கள், கொடியில் நிழலில் காயட்டும். காய்ந்ததும் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். திறந்து வைத்த துணியில் போர்ச் தூசிதான் படியும், அடுத்த வாரம் அதே தூசியை வைத்துத்தான் பானட்டைத் துடைப்பீர்கள்.

வாளித் தண்ணீரை முழுதாகக் கொட்டுங்கள். அடியில் தங்கிய மணலை லோங்காங்கில் (சாக்கடையில்) தள்ளாமல் குப்பையில் போடுங்கள். அப்புறம் மூன்று வாளிகளையும் கவிழ்த்து வையுங்கள். மழைத் தண்ணீர் ஒரு விரல் அளவு தேங்கினாலே ஏடிஸ் கொசு முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். ரப்பர் குழாயைச் சுருட்டுவதற்கு முன் அதற்குள் இருக்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.